நாலஞ்சு மாசமா நின்ன பைக்: அப்படியே செல்ஃப் அடிக்கலாமா, பிளக்கை கழட்டணுமா, மெக்கானிக்கா?

குளிர்காலம் முழுக்க கவர் போட்டு நிறுத்தி வச்ச பைக்கை வெளிய எடுக்குற அன்னைக்கு எல்லாரும் கேக்குற கேள்வி "ஸ்டார்ட் ஆகுமா?"ங்கிறதுதான். என்னைக் கேட்டா அது தப்பான கேள்வி. பேட்டரில கொஞ்சம் உயிர் இருந்து பெட்ரோல் எரியுற மாதிரி இருந்தா பெரும்பாலான வண்டி ஸ்டார்ட் ஆயிடும். ஸ்டார்ட் ஆன முதல் அஞ்சு செகண்ட்ல உள்ள என்ன நடக்குதுங்கிறதுதான் விஷயம். ஏன்னா ஓடுற வண்டில எந்த திரவம் எங்க இருக்கணுமோ, நின்ன வண்டில அது அங்க இருக்காது. மேல வால்வை திறக்குற கேம்ஷாஃப்ட்லயும் சிலிண்டர் சுவர்லயும் இருக்க வேண்டிய ஆயில் வழிஞ்சு கிட்டத்தட்ட மொத்தமா கீழ கிடக்கும். பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டர்ல இருந்த பெட்ரோல் ஆவியாகி மிச்சம் பிசின் மாதிரி அடில ஒட்டியிருக்கும், இல்லன்னா போகவே கூடாத இடத்துக்கு இறங்கிப் போயிருக்கும்.

அதனால எந்த வழில எழுப்புறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி: எத்தனை மாசம் நின்னுச்சு, எப்படி நிறுத்துனீங்க. இதுக்கு பதில் தெரிஞ்சா பாதி முடிவு தானா வந்துடும். வழிகள்னு பாத்தா நாலு இருக்கு. கவரை எடுத்துட்டு நேரா செல்ஃப் அடிக்கிறது, ஒரு மணி நேரம் செலவு பண்ணி பேட்டரி பெட்ரோல் ஆயில் மூணையும் பாத்துட்டு அடிக்கிறது, ஸ்பார்க் பிளக்கை கழட்டி சிலிண்டருக்குள்ள கொஞ்சம் ஆயில் விட்டு கையால சுத்திப் பாத்துட்டு அடிக்கிறது, கடைசியா எதையும் தொடாம மெக்கானிக்கை கூப்பிடுறது.

முதல் வழியை எடுத்த உடனே திட்ட மாட்டேன், நானும் நிறைய தடவை அப்படித்தான் பண்ணிருக்கேன். ஒன்றரை மாசம் ரெண்டு மாசம் நின்ன வண்டி, நிறுத்துறதுக்கு முன்னாடி ஆயில் மாத்தியிருந்து, டேங்க் நிறைய பெட்ரோல் இருந்து, பேட்டரி சார்ஜ்ல இருந்ததுன்னா ஆயில் லெவலை ஒரு தடவை பாத்துட்டு அடிச்சா ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த ஆயில் லெவலை பாக்குறதை மட்டும் விட்றாதீங்க, அதுக்கு என் கதையே சாட்சி. என்கிட்ட இருந்த பழைய கார்புரேட்டர் வண்டியை நாலு மாசம் நிறுத்தினப்போ பெட்ரோல் டேப்பை மூட மறந்துட்டேன். வெளிய எடுத்த அன்னைக்கு சாவியை போட்டு கை பட்டன் வரைக்கும் போயிடுச்சு, சும்மா குனிஞ்சு ஆயில் லெவல் காட்டுற கண்ணாடியை பாத்தா கோடே தெரியல, மேல வரைக்கும் ரொம்பியிருக்கு. முதல்ல ஆஹா ஆயில் குறையவே இல்லையேன்னு சந்தோஷப்பட்டேன், அந்த அளவுக்குத்தான் எனக்கு அப்போ விவரம். மூடியை திறந்து மோந்து பாத்தா பெட்ரோல் வாசனை மூக்குல அடிக்குது. கார்புரேட்டர்ல பெட்ரோல் வரத்தை மூடுற ஃப்ளோட் ஊசி சரியா மூடாம சொட்டு சொட்டா நாலு மாசமா பெட்ரோல் சிலிண்டர் வழியா ஆயிலுக்குள்ள இறங்கியிருக்கு.

அந்த நிலைமைல அடிச்சிருந்தா ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும். பெட்ரோல் கலந்து தண்ணி மாதிரி ஆன ஆயில்ல பேரிங் எல்லாம் உரசி ஓடியிருக்கும். இல்லன்னா சிலிண்டர் உள்ளயே பெட்ரோல் தேங்கி நின்னு, பிஸ்டன் மேல வர்றப்போ அமுங்காத அந்த திரவத்துல முட்டி கனெக்டிங் ராடே வளைஞ்சிருக்கும். காத்து அமுங்கும், திரவம் அமுங்காது. இதுல செல்ஃப் மோட்டார் வேற கியர் குறைச்சு நல்ல பலத்தோட தள்ளும், அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. கால்ல கிக் அடிச்சா மட்டும் கிக்கர் பாதில கல்லு மாதிரி நிக்கும், நம்ம காலே சொல்லிடும் ஏதோ சரியில்லன்னு. கிக்கர் இருக்குற வண்டிக்காரங்க இந்த விஷயத்துல கொடுத்து வச்சவங்க. சாவி போடாம மெதுவா ஒரு பத்து பதினஞ்சு தடவை கிக்கரை அமுக்கி விட்டா என்ஜின் லாக் ஆகலைன்னும் தெரியும், ஆயில் பம்ப்பும் கொஞ்சம் சுத்தும்.

ரெண்டாவது வழிதான் பெரும்பாலானவங்களுக்கு போதும்னு நினைக்கிறேன், மூணுல இருந்து ஆறு மாசம் நின்ன வண்டிக்கு இதுதான் என் சிபாரிசு. ஆனா இதுக்குள்ளயே சின்ன சின்னதா நிறைய முடிவு எடுக்கணும்.

பேட்டரில ஆரம்பிப்போம். மல்டிமீட்டர் ஒண்ணு இருந்தா போதும். சாதா லெட் ஆசிட் பேட்டரி, ஒண்ணும் ஓடாம சும்மா இருக்குறப்போ 12.6 வோல்ட்டுக்கு மேல காட்டினா ஃபுல், 12.4ன்னா முக்கால்வாசி, 12.2ன்னா பாதி, 12க்கு கீழ போயிடுச்சுன்னா கிட்டத்தட்ட காலி. காலியாவே மாசக்கணக்கா கிடந்திருந்தா தகடுல சல்ஃபேட் படிஞ்சிருக்கும், சார்ஜ் ஏத்தினாலும் நிக்காது. இப்போ சார்ஜரா, ஜம்பர் கேபிளா, தள்ளி ஸ்டார்ட் பண்றதா? நேரம் இருந்தா சார்ஜர்தான், யோசிக்கவே வேணாம். பேட்டரியோட ஆம்பியர் ஹவர் எவ்வளவோ அதுல பத்துல ஒரு பங்கு கரண்ட்ல ஏத்தணும், அதாவது 8 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா 0.8 ஆம்பியர். கார் பேட்டரிக்கு வச்சிருக்குற பெரிய சார்ஜரை அப்படியே மாட்டினா சின்ன பேட்டரி சூடாகி ஊதிடும். லித்தியம் பேட்டரின்னா அதுக்குன்னு உள்ள சார்ஜர்தான், அது சும்மா நிக்கிறப்பவே 13.2 வோல்ட் பக்கம் காட்டும், 12.6 பாத்துட்டு ஃபுல்லுன்னு நம்பிடாதீங்க. கடும் குளிர்ல கிடந்த காலி பேட்டரி உள்ள உறைஞ்சு போயிருக்கலாம், பக்கவாட்டுல வீங்கியிருந்தா சார்ஜும் பண்ணாதீங்க ஜம்ப்பும் பண்ணாதீங்க, மாத்திடுங்க.

ஜம்பர் கேபிள் அவசரத்துக்கு ஓகே. கார்ல இருந்து எடுக்குறதா இருந்தா கார் என்ஜின் ஆஃப்ல இருக்கட்டும், கார் பேட்டரியே பைக்குக்கு தாராளம். சிவப்பை ரெண்டு பக்கமும் பாசிட்டிவ்ல மாட்டிட்டு, கருப்போட ஒரு முனையை கார் நெகட்டிவ்ல, இன்னொரு முனையை பைக்கோட பெயின்ட் இல்லாத இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்க, கடைசியா மாட்டுற இடத்துல ஒரு பொறி வரும், அது பேட்டரி வாயு பக்கத்துல வரக்கூடாது. லித்தியம் பேட்டரின்னா ஜம்ப் பண்ணவே வேணாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்றது எனக்கு பிடிக்கவே பிடிக்காது, அதுவும் ரொம்ப நாள் நின்ன வண்டியை. மேல் பக்கம் ஆயில் வழிஞ்சு போன என்ஜினை பின் சக்கரம் ஒரே இழுப்பா பிடிச்சு சுத்துது, மெதுவா ஆரம்பிக்கிற பேச்சே இல்ல. அதோட கார்புரேட்டருக்கு பதிலா கம்ப்யூட்டர் வச்சு பெட்ரோலை பீச்சுற ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டில பேட்டரி சுத்தமா செத்துட்டா பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் இருக்காது, மூச்சு வாங்குறது மட்டும்தான் மிச்சம்.

அடுத்தது பெட்ரோல், இதுலதான் ஆளுக்கொரு கருத்து. பழைய பெட்ரோல்ல அப்படியே ஓட்டலாம்னு ஒரு கட்சி, புதுசு கொஞ்சம் ஊத்தி கலந்துக்கலாம்னு ஒரு கட்சி, மொத்தத்தையும் வடிச்சு எடுத்துடணும்னு ஒரு கட்சி. பெட்ரோல்ல சீக்கிரம் பத்திக்கிற லேசான பகுதிதான் முதல்ல ஆவியாகும், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகறதுக்கு வேண்டியதே அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல்னா காத்துல இருக்குற ஈரத்தையும் உறிஞ்சும், அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேந்து தனியா பிரிஞ்சு டேங்க் அடில உக்காந்துக்கும், பெட்ரோல் குழாய் இருக்குறதும் அங்கதான்னு நினைச்சுப் பாருங்க. அதனால ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு பாருங்க. தெளிவா, வழக்கமான வாசனையோட இருந்தா நல்லது. நிறம் கறுத்து வார்னிஷ் மாதிரி புளிச்ச வாசனை வந்தாலோ, அடில தனி அடுக்கு தெரிஞ்சாலோ விவாதமே வேணாம், வடிச்சிடுங்க. மூணு மாசத்துக்குள்ளன்னா அப்படியே போகலாம், அதுக்கு மேல ஆறு மாசம் வரைக்கும் நல்லா தெரிஞ்சா புது பெட்ரோல் சரிபாதி கலந்துக்கலாம். பெட்ரோல் சீக்கிரம் கெடாம இருக்க ஊத்துற ஸ்டெபிலைசர் போட்டு நிறுத்தியிருந்தா இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனா அதை புது பெட்ரோல்ல போட்டிருக்கணும், கெட்டுப் போன பெட்ரோல்ல இப்போ ஊத்தினா செத்தவனுக்கு மருந்து கொடுத்த மாதிரிதான். வடிச்ச பெட்ரோலை சாக்கடைலயோ மண்ணுலயோ ஊத்தாதீங்க, பழைய ஆயில் எண்ணெய்க்கழிவு வாங்குற இடத்துல கேட்டு கொடுத்துடுங்க.

டேங்க் பெட்ரோல் நல்லா இருந்தாலும் கார்புரேட்டர் வண்டின்னா கீழ கப்ல இருக்குற ட்ரெயின் ஸ்க்ரூவை திறந்து பழசை வடிச்சே ஆகணும். அந்த கப்ல இருக்குறது ரொம்ப கொஞ்சம், அதான் முதல்ல கெட்டுப் போகும், ஆக்ஸிலேட்டரை முறுக்காதப்போ பெட்ரோல் விடுற பைலட் ஜெட்டோட துளை பல வண்டில அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, ஒரு துளி பிசின் போதும் அடைக்க. குளிர்ந்த என்ஜினுக்கு பெட்ரோலை கூட்டிக் கொடுக்குற சோக் போட்டா ஓடும், சோக்கை எடுத்தா அணைஞ்சிடும்னா அது பைலட் ஜெட் அடைப்புதான்னு கிட்டத்தட்ட கண்ணை மூடிட்டு சொல்லலாம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரங்களுக்கு இந்த வேலை இல்ல, சாவியை ஆன் பண்ணி பம்ப் ரெண்டு மூணு செகண்ட் முனகி நிக்கிற வரைக்கும் விட்டு, ஆஃப் பண்ணி, இன்னொரு ரெண்டு தடவை அதே மாதிரி பண்ணா லைன்ல பிரஷர் ஏறிடும்.

ஆயில் மாத்தணுமா, மாத்தினா ஸ்டார்ட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? நிறுத்துறப்போ மாத்தியிருந்தா இப்போ தொட வேணாம், காசு வீண். பழைய ஆயிலோடயே நிறுத்தியிருந்தா அதுல ஈரமும் ஆசிட்டும் சேந்திருக்கும், மாத்தித்தான் ஆகணும். சூடான ஆயில் நல்லா வடியும், அடில படிஞ்ச அழுக்கையும் கூட இழுத்துட்டு வரும், அதனால அஞ்சு நிமிஷம் ஓட விட்டு மாத்துங்கன்னு ஒரு பக்கம் சொல்வாங்க. அந்த அழுக்கை எதுக்கு திரும்ப என்ஜின் முழுக்க சுத்த விடணும்னு இன்னொரு பக்கம். நான் எங்க நிக்கிறேன்னா, ஆயில் நிறமும் லெவலும் சரியா இருந்தா ஓட விட்டே மாத்துவேன். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா, பெட்ரோல் வாசனை வந்தா, லெவல் ஏறியிருந்தா, குளிர்ந்த நிலைலயே வடிச்சுட்டு ஃபில்டரோட மாத்திட்டுதான் சாவியை தொடுவேன். வெளுத்த ஆயில் லிக்விட் கூல்ட் வண்டில கூலன்ட் கலந்ததாவும் இருக்கலாம், கூலன்ட் டேங்க்ல லெவல் இறங்கியிருக்கான்னும் பாத்துக்கோங்க.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்க. எலிக்கு அதை விட நல்ல வீடு கிடைக்காது. சைலன்சர் வாயிலயும் துணி ஏதும் அடைச்சு வச்சிருந்தா ஞாபகமா எடுத்துடுங்க, அடைச்சது நாமளேதான், ஆனா மறந்து போயிருக்கும்.

மூணாவது வழி, பிளக்கை கழட்டுறது. ஆறு மாசத்துக்கு மேல நின்னதுக்கும், ஈரமான இடத்துல நின்னதுக்கும், எனக்கு ஆன மாதிரி பெட்ரோல் இறங்கிடுச்சோன்னு சந்தேகம் இருக்குறதுக்கும் இதுதான். ஒத்தை சிலிண்டர் வண்டில கால் மணி நேர வேலை, பயப்பட ஒண்ணும் இல்ல. பிளக் சுத்தி இருக்குற மண்ணை முதல்ல ஊதி எடுத்துடுங்க, இல்லன்னா கழட்டினதும் நேரா சிலிண்டருக்குள்ள விழும். ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி போல என்ஜின் ஆயில் விடுங்க, அதுக்கு மேல வேணாம். அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு டாப் கியர்ல பின் சக்கரத்தை கையால மெதுவா சுத்துங்க. லேசா சுத்துச்சுன்னா பிஸ்டன் ஃப்ரீ, மனசுக்கு ஒரு நிம்மதி. நடுவுல டக்குனு முட்டி நின்னா பலம் போடாதீங்க.

சுத்தினதுக்கு அப்புறம் நியூட்ரல்ல போட்டு, ஓட்டை மேல ஒரு துணியை வச்சு, பிளக் இல்லாமலே செல்ஃப்பை மூணு நாலு செகண்டா சில தடவை அடிக்கணும். அமுக்கம் இல்லாததால என்ஜின் லேசா சுத்தும், பேட்டரிக்கும் சுலபம், பேரிங் மேல சுமை இல்லாம ஆயில் மேல ஏறிடும், உள்ள பெட்ரோல் தேங்கியிருந்தா துணில வந்துடும். இங்க ஒரு எச்சரிக்கை. பிளக்குக்கு கரண்ட் அனுப்புற காயிலோட வயரை சும்மா தொங்க விட்டு செல்ஃப் அடிச்சா காயிலோ, பொறி நேரத்தை பாத்துக்குற சிடிஐ பெட்டியோ போகலாம், அதோட வெளிய பீச்சுற பெட்ரோல் பக்கத்துல பொறி வந்தா தீதான். அதனால முடிஞ்சா காயிலுக்கு வர்ற சின்ன கனெக்டரையே கழட்டிடுங்க, இன்ஜெக்‌ஷன் வண்டின்னா பம்ப் கனெக்டரையும். என்ஜினை அணைக்கிற கில் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு அடிக்கலாமேன்னு கேப்பீங்க, நிறைய வண்டில கில் ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தா செல்ஃப்பே சுத்தாது. முகத்தை ஓட்டைக்கு நேரா வைக்காதீங்க, பிளக்கை திரும்ப மாட்டுறப்போ கையாலயே கடைசி வரைக்கும் திருகிட்டு அப்புறம்தான் ஸ்பேனர். அலுமினிய ஹெட்ல மரையை கெடுத்துட்டா இந்த மொத்த வேலையும் நஷ்டக் கணக்குதான்.

இதே வேலை நாலு சிலிண்டர் வண்டில வேற மாதிரி. டேங்க்கை தூக்கணும், ஏர் பாக்ஸை கழட்டணும், பிளக் எங்கயோ கிணத்துக்குள்ள இருக்கும். பழக்கம் இல்லன்னா அங்க நாலாவது வழிக்கு போறதுல ஒரு வெக்கமும் இல்ல. மத்தபடி மெக்கானிக்கை கூப்பிட வேண்டிய நேரம்னு நான் நினைக்கிறது, சக்கரத்தை கையால சுத்த முடியாதப்போ, ஆயில்ல தண்ணி தெரியுறப்போ, வருஷக்கணக்கா நின்ன வண்டி, இல்ல யார்கிட்டயோ வாங்கின வரலாறு தெரியாத வண்டி. கூப்பிட்டா மட்டும் போதாது, எத்தனை மாசம் நின்னுச்சு, எப்போ ஆயில் மாத்தினதுன்னு சொல்லிடுங்க. ஒண்ணும் சொல்லாம விட்டா அவரும் வந்த உடனே முதல் வேலையா அந்த பட்டனைத்தான் அமுக்குவார், அதுக்கு நாமளே அமுக்கிருக்கலாம்.

எந்த வழில வந்தாலும் கடைசில அடிக்கிற முறை ஒண்ணுதான். வண்டியை வெளிய தள்ளிட்டு வாங்க, கதவு திறந்த ஷெட் கூட போதாது, புகைல வர்ற விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நியூட்ரல், கார்புரேட்டர்னா சோக், ஆக்ஸிலேட்டரை தொடாதீங்க. அஞ்சு செகண்ட் அடிங்க, எடுக்கலைன்னா அரை நிமிஷம் விடுங்க, விடாம அமுக்கிட்டே இருந்தா செல்ஃப் மோட்டார் சூடாகி வேற செலவு வரும். பிடிச்சதும் முறுக்கத் தோணும், கை அரிக்கும், வேணாம். ஆயில் லைட் இருக்குற வண்டின்னா சில செகண்ட்ல அணையணும், அணையலைன்னா உடனே கில் ஸ்விட்ச். முதல் ஒரு நிமிஷம் நீலப் புகை வந்தா நாம ஊத்தின ஆயில் எரியுது, வெள்ளைப் புகை வந்தா சைலன்சர்ல தேங்கின ஈரம். சூடான அப்புறமும் நிக்காம வந்தாதான் கவலை.

அப்புறம் ஐடிலிங்லயே இருபது நிமிஷம் விடலாமா, கிளம்பிடலாமா? ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல ஐடில் நிலைச்சதும் மெதுவா கிளம்புறதுதான் நல்லது. நின்ன இடத்துல ஓடுறப்போ ஆயில் சரியா சூடாகாது, உள்ள இருக்குற ஈரம் வெளிய போகாது, அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டினாதான் போகும். கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக், டயர் காத்து, செயின் பாத்துடுங்க. முதல் கியர் போடுறப்போ கவனம், ரொம்ப நாள் நின்னா கிளட்ச் பிளேட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், கிளட்ச் பிடிச்சிருந்தாலும் வண்டி முன்னாடி பாயும். என்ஜின் ஆஃப்ல இருக்குறப்பவே கியர்ல போட்டு கிளட்சை பிடிச்சுட்டு முன்ன பின்ன ஆட்டினா பெரும்பாலும் விட்டுடும்.

நின்ன இடத்துல ஓடினா ஆயில் சூடாகாதுங்கிற அதே காரணத்துக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்குற காலத்துல வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிற பழக்கத்தை நான் விட்டுட்டேன். சூடாகாம அணைக்கிறப்போ ஒவ்வொரு தடவையும் ஆயில்ல கொஞ்சம் தண்ணி சேருது, செல்ஃப் அடிச்சதுல போன சார்ஜும் திரும்பி வர்றதில்ல. ஓட்டுறதா இருந்தா ஒழுங்கா ஓட்டணும், இல்லன்னா தொடாம விட்டுடணும். இப்போ நிறுத்துறப்போ ஒரு துண்டுச் சீட்டுல தேதி, ஆயில் மாத்தியாச்சா, டேப் மூடியாச்சா, சைலன்சர்ல துணி இருக்கான்னு எழுதி சாவித் துவாரத்து மேலயே ஒட்டிடுறேன். அதை கிழிக்காம சாவி உள்ள போகாது.